மாமனார் ஊரில் மனையா, மாடியில் ஓர் அறையா?

"மாப்பிள்ளை, நம்ம ஊர்லயே ஒரு மனையை வாங்கிப் போட்டுடுங்க. வர்றப்ப வந்து தங்கிக்கலாம்."

சிங்கப்பூரில் இருந்துகொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் பெண் எடுத்த யாரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. கல்யாணமான புதிதில் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். பத்து வருஷம் கழிந்து, மாமனாருக்கு முட்டிவலி வந்து, பிள்ளைகள் வளர்ந்து தாத்தா வீட்டில் படுக்க இடமில்லாமல் போனபிறகு அது நிஜமான கேள்வியாகிவிடுகிறது. சமீபத்தில் மூன்று நண்பர்கள் என்னிடம் இதையே கேட்டார்கள். ஒருவருக்கு மாமனார் வீடு ஒரத்தநாடு பக்கம். ஒரு தோழிக்குப் புகுந்த வீடு கடையநல்லூர். இன்னொருவர் மனைவிக்கு மலேசியாவின் ஜொகூர். மூவரும் முதலில் கேட்டது "சதுர அடி என்ன விலை போகுது" என்பதைத்தான்.

விலை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் முடிவு. நீங்கள் அங்கே இல்லாத முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்த இடத்தை யார் பார்த்துக்கொள்கிறார், அதற்காக அவர் எதை விடுகிறார் என்பதுதான் முதல் கேள்வி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள். கடந்த மூன்று வருஷத்து முத்திரைகளைப் பார்த்து, அந்த ஊரில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று எண்ணுங்கள். "இனிமே அடிக்கடி போவோம்" என்பதைச் சேர்க்காதீர்கள். எனக்கு வந்த கணக்கு: ஒரு வருஷம் 9 நாள், அடுத்த வருஷம் 19, அதற்கடுத்து 13. மூன்று வருஷத்துக்கு மொத்தம் 41. வீட்டில் உட்கார்ந்து பேசியபோது வருஷத்துக்கு ஒரு மாதமாவது இருப்போம் என்றுதான் நானும் மனைவியும் நினைத்திருந்தோம்.

அடுத்தது, யார் பெயரில் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. மூன்றாவது, பார்த்துக்கொள்ளப்போவது யார், அவருக்குக் கூலி உண்டா இல்லையா. நான்காவது, விற்க நேர்ந்தால் எவ்வளவு சுலபமாக விற்கலாம், பணம் சிங்கப்பூருக்குத் திரும்புமா. கடைசியாக, நமக்குப் பிறகு இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதை என்ன செய்வார்கள். பட்டா என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு நாம் விட்டுப்போகும் மனை, சொத்தா சுமையா என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

## சிங்கப்பூர்ப் பக்கத்துக் கதவு

இதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருப்பவர்கள், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்கக்கூடாது. பொதுவாக அது 5 வருஷம். பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு 10 வருஷம். காலி மனைக்கும் இது பொருந்துமா என்று காப்பிக்கடையில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீவகவுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரவாசிகளுக்கு விதி இன்னும் இறுக்கம். அவர்கள் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. புது வீவக வீட்டுக்கு விண்ணப்பிப்பவர் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ தனியார் வீட்டுக்கு உரிமையாளராக இருக்கக்கூடாது. இருந்து விற்றிருந்தாலும் 30 மாதம் கழிந்திருக்க வேண்டும். தானமாகவோ வாரிசாகவோ வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். "பையன் பேரையும் சேர்த்துப் போட்டுருவோம்" என்று ஆசையாகச் செய்தால், அவனுக்குக் கல்யாணம் கூடிவரும் நேரத்தில் அதுவே குறுக்கே நிற்கும்.

மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை வெளிநாட்டுச் சொத்துக்கு எடுக்க முடியாது. கையிருப்பைத்தான் போட வேண்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. இங்கே இரண்டாவது வீடு வாங்கும் குடிமகனுக்கு 2023 ஏப்ரல் முதல் 20% கூடுதல் முத்திரை வரி. அந்த எண்ணிக்கையில் சிங்கப்பூர் வீடுகள் மட்டுமே சேரும். ஊரில் இருக்கும் வீடு சேராது.

## இந்தியப் பக்கத்துக் கதவு

இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இங்கே வாழ்பவரும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருக்கும் சிங்கப்பூர்க் குடிமகனும் வீடு, வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. "என் பெண்டாட்டி இந்தியப் பாஸ்போர்ட்டுதானே, அவ பேர்ல வயலை வாங்கிப் போடலாம்" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. பாஸ்போர்ட் எந்த நாடு என்பதோடு, வாழ்வது எங்கே என்பதையும் சட்டம் பார்க்கிறது. மனைவி சிங்கப்பூரில் வாழும்வரை அவர் பெயரிலும் வயல் வாங்க முடியாது. தானமாகக்கூட எழுதி வாங்க முடியாது. வாரிசுரிமையாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பங்களுக்கு ஓசிஐ வாங்குவதே ஒரு வேலை. கொள்ளுப்பேரப்பிள்ளை வரைக்கும் தகுதி உண்டு. ஆனால் முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்குக் காகிதம் வேண்டும். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றே தேடத் தொடங்குங்கள். அது கிடைக்காவிட்டால், இந்தியக் குடிமகனையோ ஓசிஐ அட்டைக்காரரையோ மணந்து பதிவுசெய்து இரண்டு வருஷம் ஆனவர் என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். சீன, மலாய்க் குடும்பங்களிலிருந்து வந்த துணைவருக்கும் அதே வழிதான். அட்டையே இல்லாமலும், பதிவுசெய்து இரண்டு வருஷம் தொடர்ந்த மணவாழ்க்கை இருந்தால், இந்தியக் குடிமகனோ ஓசிஐ அட்டைக்காரரோ ஆன துணைவரோடு கூட்டாக ஒரே ஒரு சொத்து வாங்க இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிக்கின்றன.

பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். சிங்கப்பூர் வெள்ளி நோட்டை மாற்றிக் கையில் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருவதோடு, பின்னால் விற்கும்போது "இது வெளிநாட்டிலிருந்து வந்த பணம்" என்று காட்ட வழியில்லாமல் போகும். வங்கி ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள்.

## வழி ஒன்று: மாமனார் நிலத்திலேயே கட்டுவது

மனதுக்கு நெருக்கமான வழி இது. நிலத்துக்குக் காசு இல்லை, கிணறு இருக்கிறது, மாமியார் கைச் சாப்பாடு, பக்கத்துச் சுவருக்கு அப்பால் மச்சான். ஆபத்தும் இங்கேதான் அதிகம்.

நிலம் மாமனார் பெயரில் இருக்க, உங்கள் பணத்தில் வீடு எழும்பினால், காகிதத்தில் அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை. மாமனார் காலம்வரை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவருக்குப் பிறகு அது எல்லா வாரிசுகளுக்கும் பொது. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமாகிவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. உங்கள் மனைவிக்கு அது உரிமை. அவருடைய அக்காவுக்கும் தங்கைக்கும் அதே உரிமை உண்டு. வீடு நிற்கும் இடத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே கட்டுவதற்கு முன்பே, வீடு வரப்போகும் இடத்தை மட்டும் அளந்து மனைவி பெயருக்கு மாமனார் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பூர்வீகச் சொத்தென்றால் மற்ற வாரிசுகளிடம் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் வாங்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா 1%தான். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. மருமகன் அந்தக் "குடும்பம்" என்ற வரையறையில் வருவதில்லை. மகள் பெயருக்கு எழுதுவதே முறை, அதுவே நியாயமும்கூட. உங்கள் பெயர் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

ஒரு நிபந்தனை: அந்த இடம் நத்தமாகவோ (ஊர்க் குடியிருப்பு நிலம்), முறையாக மனையாக மாற்றப்பட்டதாகவோ இருக்க வேண்டும். நஞ்சையாகவே கிடந்தால் வெளிநாட்டில் வாழும் மகளுக்குத் தானமாகக் கொடுக்க முடியாது. டெல்டாவில் நஞ்சையை மனையாக மாற்ற கலெக்டர் இசைவு உட்படப் பல படிகள் ஏற வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் மாப்பிள்ளை" என்ற சொல்லை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

பத்திரத்தில் எழுதமுடியாத செலவு ஒன்றும் இருக்கிறது. மருமகனாகப் போகும்வரை நீங்கள் விருந்தாளி. தலைவாழை இலை, முதல் பந்தி. நிலத்தில் காலூன்றிய பிறகு கிட்டத்தட்டப் பங்காளி. தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது, மரம் யார் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் உங்கள் காதுக்கும் வரும். அந்த மாற்றத்தைத் தாங்கும் குடும்பங்கள் உண்டு. உங்களுடையது எது என்று உங்கள் மனைவிக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள், அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

யாருக்குச் சரி: ஒரே மகளாக இருப்பவர், அல்லது உடன்பிறந்தார் எல்லாரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்ட குடும்பம். மாமனார் மாமியாரைக் கடைசிவரை நாமே பார்ப்பது என்று முடிவெடுத்தவர்.

## வழி இரண்டு: தனியாக ஒரு மனை

நாங்கள் போன வழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராமத்தில் குழிக் கணக்கில் பேசுவார்கள். டெல்டாவில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். நகரத்து ஓரத்தில் சதுர அடி, அல்லது 435.6 சதுர அடி கொண்ட சென்ட், அல்லது 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு. ஒரே நாளில் மூன்று தரகர்கள் மூன்று அளவில் விலை சொல்வார்கள். எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் இல்லாத லேஅவுட் பக்கம் போகவே வேண்டாம். அனுமதியற்ற மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனாலும் "விலை பாதிதான்" என்று சொல்லி விற்கும் மனைகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணும் கேளுங்கள். மூலப்பத்திரம், குறைந்தது 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கையும் ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அந்த வக்கீலைத் தரகரோ விற்பவரோ அறிமுகப்படுத்தியிருக்கக் கூடாது. கோயில் நிலமா, வக்ஃபு நிலமா, புறம்போக்கா என்பதையும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விலைக்கு மேல் 7% முத்திரைத்தீர்வையும் 2% பதிவுக் கட்டணமும் வரும். 30 லட்ச ரூபாய் மனைக்கு 2,70,000 ரூபாய். பத்திரம் எழுதும் செலவு, வக்கீல் கூலி, தரகு, விமானச் சீட்டு எல்லாம் தனி. நேரில் போக முடியாவிட்டால் பவர் கொடுக்கலாம். 2021 செப்டம்பர் முதல் சிங்கப்பூரிலும் அப்போஸ்டில் முறை (பத்திரம் வெளிநாட்டில் செல்லும்படி சான்று தருவது) இருக்கிறது. நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்கி அனுப்பினால், அந்தப் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். பொது பவர் வேண்டாம். "இன்ன சர்வே எண் மனையை வாங்கிப் பதிய மட்டும்" என்று ஒரே வேலைக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் நாங்கள் சரியாகத்தான் செய்தோம். 2019-இல் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினோம். நாலு மூலையிலும் கல் ஊன்றிப் படமும் எடுத்துக்கொண்டு வந்தோம். அடுத்த வருஷம் கொரோனா வந்தது. 2022-இல்தான் திரும்பிப் போக முடிந்தது.

மனையைக் காணவில்லை. ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. வெட்டித் தள்ளிய பிறகு பார்த்தால், தென்மேற்கு மூலைக் கல் இல்லை. பக்கத்து மனைக்காரரின் கம்பி வேலி மூன்று அடி உள்ளே வந்திருந்தது. அவர் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. கல் இல்லாத இடத்தில் வேலி போடுபவர் ஓர் உத்தேசத்தில்தான் போடுவார். எங்கள் விடுமுறை பத்து நாளில் முடிந்துவிட்டது. சர்வேயரை வரவழைத்து அளந்து, பேசி, வேலியை நகர்த்தும் வேலை மச்சான் தலையில் விழுந்தது.

மச்சான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அது ஜூன் மாதம், குறுவை தொடங்கும் நேரம். போர் மோட்டார் எரிந்துபோனால் நாற்றங்கால் காய்ந்துவிடும் என்று விவசாயிகள் காலையிலேயே கடை வாசலில் நிற்பார்கள். வருஷத்து வருமானத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான். தாலுகா ஆபீசுக்கு அவர் நான்கு முறை போய்வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முடிஞ்சிருச்சு அத்தான், கல்லு ஊனியாச்சு" என்று போனில் சொன்னதோடு சரி.

அடுத்த முறை போனபோது கடை நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். மோட்டார் கொண்டுவந்தவர் பெயர், குதிரைத்திறன், தேதி, தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும் நோட்டு. அந்த ஜூனில் நான்கு நாளுக்கு வரிகளே இல்லை. அதற்கு முந்தின நாளில் எழுதிய மூன்று பெயர்கள் மேல் குறுக்குக் கோடு: வேறு கடைக்குப் போய்விட்டவர்கள். மச்சான் மனைவி காப்பியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நாலு நாள் கடை பூட்டிக் கெடந்துச்சுண்ணே. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

நாங்கள் எழுதிவைத்திருந்த மனைக் கணக்கில் இந்தச் செலவு இல்லை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அதன்பிறகுதான் ஒரு காரியம் செய்தோம். சுற்றிலும் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தோம். உறவுக்காரர் அல்லாத ஒருவருக்கு வருஷத்துக்கு இரண்டு முறை செடி வெட்டவும், நான்கு கல்லையும் படமெடுத்து அனுப்பவும் கூலி பேசினோம். வாங்கிய வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. மனை வாங்கும் எல்லாருக்கும் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வீடு கட்டிப் பூட்டி வைத்தால் இன்னும் கூடுதல் கவலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் சாய்ந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு விடியலில் உங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்க ஓடுபவர், தன் வீட்டை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

யாருக்குச் சரி: ஐந்து வருஷத்துக்குள் அங்கேயே போய் வருஷத்தில் பாதி நாளாவது வாழப்போகிறவர். அதற்கு மேல் காலம் இருந்தால் அவசரம் வேண்டாம்.

### "மச்சான் பேர்ல வாங்கிடலாமே?"

இதற்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓசிஐ இல்லாதவர்களும் வயல் மேல் ஆசைப்படுபவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். உங்கள் பணத்தில் மச்சான் பெயரில் வாங்குவது பினாமி. 1988-ஆம் வருஷத்துப் பினாமிச் சட்டத்தை 2016-இல் கடுமையாக்கினார்கள். சொத்து பறிமுதலாகலாம், ஒன்று முதல் ஏழு வருஷம் வரை சிறையும், சந்தை மதிப்பில் 25% வரை அபராதமும் உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. மைத்துனர் அந்தப் பட்டியலில் இல்லை. மச்சான் தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் கடனில் விழுந்தால், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அவர் பிள்ளைகள் அது அப்பா சொத்து என்று நினைத்தால், அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியுமா? நல்ல மனிதரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

## வழி மூன்று: தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அடுக்குமாடி

ஊருக்கு மிக நெருக்கமாக இல்லாவிட்டாலும், பூட்டிவிட்டு வர ஏற்றது இதுதான். வாட்ச்மேன் இருப்பார், தண்ணீர்த் தொட்டியைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், செடி முளைக்காது, கல் நகராது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கம் என்பதால், வயதான மாமனார் மாமியாரைச் சிகிச்சைக்கு அழைத்துவந்து தங்கவைக்கவும் உதவும். இதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. கிராமத்து வீட்டை விட இந்த வீடுதான் அவர்களுக்கு அதிகம் பயன்பட்டது என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பராமரிப்புக் கட்டணம் நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் போகும். கட்டி முடிக்காத வீடென்றால் ஜிஎஸ்டி சேரும், பொதுவாக 5%. முடிவுச் சான்று பெற்ற வீட்டுக்கு அது இல்லை. நிலத்தில் உங்களுக்கு வருவது பிரிக்கப்படாத பங்கு மட்டும். பத்திரத்தில் அது எத்தனை சதுர அடி என்று பாருங்கள். கட்டடம் பழசாகப் பழசாக அந்தப் பங்குதான் விலையைத் தாங்கும். வாடகைக்கு விட்டால், உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் குடியிருப்பவர் வாடகையில் 30%-க்கு மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் தயங்குவார்கள்.

பொங்கலன்று காலையில் திருச்சியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போவது, அங்கேயே கண்விழிப்பதைப் போல் ஆகாது. அந்த ஆசைதான் உங்களுக்குப் பெரிது என்றால் இந்த வழி உங்களை நிறைவாக்காது.

## வழி நான்கு: வாங்காமல் இருப்பது

வருஷத்துக்கு இருபது நாள் போகிறவருக்கு என் வாக்கு இதற்குத்தான். மாமனார் வீட்டு மாடியில் ஓர் அறை, அதோடு சேர்ந்து குளியலறை, மேற்கத்திய கழிப்பறை, படிக்குக் கைப்பிடி. மனைச் செலவில் சிறு பங்குதான் ஆகும். வீட்டைப் பார்க்க ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். சிங்கப்பூர் விதி எதுவும் குறுக்கே வராது.

கொடுக்கும் பணத்தை அன்பளிப்பாகவே கொடுங்கள். மனதிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "நான் கட்டின ரூம்" என்ற எண்ணம் மூலையில் இருந்தால், நாளைக்கு அதில் நெல் மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மாமனார் நிலத்தில் வீடு | தனி மனை | அடுக்குமாடி | மாடி அறை |
|---|---|---|---|---|
| பெயர் | மனைவிக்கு எழுதிய பிறகே கட்டலாம் | உங்கள் இருவர் பெயரில் | உங்கள் இருவர் பெயரில் | மாமனார் பெயரில்தான் |
| உறவுக்காரர் மேல் சுமை | அன்றாடம் | நினைத்ததைவிட அதிகம் | மிகக் குறைவு | புதிதாக எதுவும் இல்லை |
| விற்பது | ஏறக்குறைய முடியாது | காகிதம் சரியானால் முடியும் | சுலபம் | கேள்வியே இல்லை |
| வருஷத்தில் தங்கும் நாள் | நிரந்தரமாகப் போகிறவருக்கு | ஆறு மாதம் முதல் | ஒன்றிரண்டு மாதம் | ஒரு மாதத்துக்குள் |
| பிள்ளைகளுக்கு | ஊரோடு உறவு இருந்தால் மட்டும் | எல்லைக் கவலை | விற்றுப் பணமாக்கலாம் | தாத்தா வீட்டு நினைவு |

விற்பது பற்றி இன்னும் ஒரு சொல். வெளிநாட்டில் வாழ்பவர் விற்றால், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் லாபத்தில் 12.5%; மேல்வரிகள் தனி. பிடித்தம் லாபத்துக்கு மட்டும் இருக்க வேண்டுமானால் வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முழுத்தொகைக்கும் பிடிப்பார்கள். பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும். பணத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர ஆடிட்டர் சான்றும் வேண்டும். உங்கள் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய ரூபாய் வங்கிக் கணக்கு) ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம்.

## மாமனார் வீடு ஜொகூரிலோ ஈப்போவிலோ என்றால்

கணக்கே வேறு. மனைவி மலேசியக் குடிமகளாக இருந்தால் அவர் பெயரில் மட்டும் வாங்கட்டும். உங்கள் பெயரைச் சேர்த்த உடனே அது வெளிநாட்டவர் வாங்கும் சொத்தாகிவிடும்: மாநில அரசின் ஒப்புதல், ஜொகூரில் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட் குறைந்தபட்ச விலை, 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கு 8% முத்திரை வரி. விற்கும்போது லாப வரியும் வெளிநாட்டவருக்கு ஐந்து வருஷத்துக்குள் 30%, அதன்பிறகு 10%. குடிமக்களுக்கு ஆறாம் வருஷம் முதல் அது இல்லை. மலாய் ஒதுக்கீட்டு நிலமா, குத்தகை நிலமென்றால் எத்தனை வருஷம் பாக்கி என்பதை கெரானில் (நில உரிமைப் பத்திரம்) பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர்க்காரர்களுக்கு நான் தைரியமாகவே வாங்கச் சொல்வேன். வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் எல்லை நெரிசலைப் பொறுத்துக்கொள்கிறவர் மாதத்துக்கு இரண்டு முறை போய்வர முடியும். நாமே போய்ப் பார்க்க முடிகிற சொத்துக்காக இன்னொருவர் கடையைப் பூட்ட வேண்டியதில்லை. ஆனால் மனைவி பெயரில் மட்டும் இருந்தாலும் வீவக விதியை விட்டுவிடாதீர்கள். அவரும் உங்கள் வீவக வீட்டில்தான் இருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சுருக்கமாக: 2014-இன் 38-ஆம் எண் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமக்கள் இலங்கையில் நிலத்தை விலைக்கு வாங்க முடியாது; நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம். சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. துணைவர் இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்திருந்தால் அவர் பெயரில்தான் எதுவும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முன்னுரிமை இருப்பதால், ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீல் இல்லாமல் ஒரு பரப்பு நிலம்கூடப் பேச வேண்டாம்.

## நாங்கள் இப்போது

மனை அப்படியே இருக்கிறது, நான்கு கல்லோடு. அதில் வீடு கட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டோம். 41 நாள் என்ற எண்ணைப் பார்த்த பிறகு மனைவிதான் அதைச் சொன்னாள். அதற்குப் பதிலாக மாமனார் வீட்டு மாடியில் பதினாலுக்குப் பன்னிரண்டு அறை ஒன்று எழுப்பினோம்.

இந்தத் தை மாதம் போனபோது அந்த அறையில் மச்சான் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சன்னலோரம் மேசை, அதன் மேல் புத்தகங்கள், நாற்காலியில் துவைத்த துணி. எங்களைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அள்ளத் தொடங்கினாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, மேசையை நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் நால்வரும் கீழே கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டோம். காலையில் மச்சான் கடை திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன்.